தீக்குச்சிக் கணக்கு

"தாத்தா, நீங்க செத்துப் போயிட்டீங்க" என்றான் என் பேரன்.

துக்கத்தைச் சொல்லுகிற குரல் அல்ல அது. ரேஷன் கடையில் இன்றைக்குச் சர்க்கரை வரவில்லை என்று சொல்லுவார்களே, அந்தக் குரல். எதிரே கம்ப்யூட்டர் திரை இருண்டது. நான் நெடிய இருளுக்குள் மறைந்துவிட்டதாக அது இங்கிலீஷில் எனக்கே அறிவித்தது. பிழைத்திருந்த காலம் ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலையில் கொஞ்சம். செத்ததற்குக் காரணம் ஓநாய் இல்லை, கரடி இல்லை. குளிர். இன்னும் சரியாகச் சொன்னால், வேடிக்கை பார்த்தது.

பனி மூடிய ஒரு குன்றின்மேல் நின்றுகொண்டு, கீழே உறைந்து கிடந்த ஏரியையும் அதன் கரையிலிருந்த ஊசியிலை மரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வருஷம் வர்ணனை எழுதிப் பிழைத்தவன் நான். அழகாக எதையாவது கண்டால் நின்றுவிடுகிற வியாதி உண்டு. திரையின் மூலையில் ஒரு சின்ன அடையாளம் சிவந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது திரும்பி நடக்க வழி தெரியவில்லை, பனிக்காற்று கிளம்பிவிட்டது.

இதெல்லாம் நடந்தது கனடாவில். 2023 டிசம்பர் முதல் மறு வருஷம் மார்ச் வரையில் ஆல்பெர்ட்டா மாகாணத்து எட்மண்டன் நகரத்தில், மகள் வீட்டில் இருந்தேன். அந்த வருஷம் ஆடி மாதத்தில் என் மனைவி காலமானாள். "மாயவரத்து வீட்டிலே தனியா உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க அப்பா? இங்கே வாங்க" என்று சொல்லி மகள் டிக்கெட்டும் அனுப்பிவிட்டாள். துக்கத்தில் இருக்கிறவனை டிசம்பர் மாதத்தில் எட்மண்டனுக்கு அழைப்பது ஆறுதலா தண்டனையா என்று விமானத்தில் யோசித்துக்கொண்டே போனேன். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊர். வாசலில் நிற்கும் காரின் மூக்கிலிருந்து ஒரு மின்சாரக் கம்பி தொங்குகிறது. ராத்திரி அதைச் சுவரில் செருகி இஞ்சினுக்குச் சூடு கொடுக்காவிட்டால் காலையில் கார் கிளம்பாது. தொழுவத்தில் மாட்டைக் கட்டித் தீனி வைத்துவிட்டு வருகிற மாதிரி, என் மாப்பிள்ளை தினமும் தூங்கப் போகுமுன் அந்தக் கம்பியைச் செருகிவிட்டு வருவார்.

எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. எழுத ஓடவில்லை. படிக்கவும் ஓடவில்லை. சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டால் போவேன். கூப்பிட மறந்தால் நானும் மறந்துவிடுவேன். பதினாலு வயதுப் பேரன் இதைச் சில நாள் பார்த்தான். பிறகு ஒரு நாள் சாயங்காலம், "தாத்தா, உங்களுக்கு ஒரு கேம் சொல்லித் தரேன். சுடறது, குத்தறது எல்லாம் இல்லை. சும்மா உயிரோட இருக்கணும், அவ்வளவுதான்" என்று என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தினான்.

அந்த ஆட்டத்தின் பெயர் 'தி லாங் டார்க்'. அதைச் செய்ததும் கனடாக்காரர்கள்தான். மேற்குக் கரையில் வான்கூவர் தீவில் தொடங்கிய ஹிண்டர்லேண்ட் என்கிற சிறு நிறுவனம். 2014-ல் அரைகுறையாக வெளியிட்டு, ஆடுகிறவர்களின் அபிப்பிராயங்களைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2017-ல் முழுமையாக வெளியிட்டார்கள். தொடர்கதை எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான முறைதான். நாங்கள் திருத்துவதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

சூரியனிலிருந்து ஒரு காந்தப் புயல் வந்து பூமியின் மின்சாரத்தையெல்லாம் அணைத்துவிடுகிறது. வடக்கே 'கிரேட் பேர்' என்கிற கற்பனைத் தீவில் நீங்கள் ஒற்றையாக அகப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வில்லன் கிடையாது. ஜெயிப்பதும் கிடையாது. எத்தனை நாள் தாக்குப் பிடிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. செத்தால் செத்ததுதான்; அது வரை ஆடியதெல்லாம் அழிந்து, மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காந்தப் புயல் என்பது சும்மா கட்டிய கதை என்று நினைத்தேன். 1989 மார்ச் 13-ம் தேதி அப்படி ஒரு புயல் வந்து கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறக்குறைய 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போயிருக்கிறது. 1859-ல் வந்தது அதைவிடப் பெரியது. தந்திக் கம்பிகளில் பொறி பறந்ததாம். கதை கட்டியவர்கள் ரொம்ப தூரம் போகவில்லை, ஊருக்குள்ளேயே பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது தடவை ஓநாய் என்னைக் கொன்றது. அதுவும் என் முட்டாள்தனம்தான். செத்துக் கிடந்த ஒரு மானை அறுத்து, பச்சை மாமிசத்தைப் பையில் போட்டுக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புகிறவன் போல ஏரியின் நடுவே நடந்து வந்தேன். (ஆட்டத்தில்தான். ஆசாரத்தைப் பற்றி யாரும் கடிதம் எழுத வேண்டாம்.) மாமிச வாடை காற்றோடு போகும் என்று பேரன் பிறகுதான் சொன்னான். நிஜத்தில் ஓநாய் மனிதனைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கித்தான் போகும் என்பதையும் அவனே சொன்னான். ஆட்டத்து ஓநாய்களுக்கு அந்த நல்ல குணம் இல்லை. இதைக் கொஞ்சம் அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாவது சாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏரியின் ஓரத்தில் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும் இடம் ஒன்றில் கால் வைத்துவிட்டேன். உள்ளே விழுந்து எழுந்து கரையேறினேன். உடைகள் நனைந்து, சிறிது நேரத்தில் அந்த ஈரமே உறைந்துபோயிற்று. நெருப்பு மூட்டினால் பிழைக்கலாம். சுள்ளி இருந்தது, மூன்று தீக்குச்சி இருந்தது. இந்த ஆட்டத்தில் நெருப்பு பற்றுமா பற்றாதா என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு கணக்குக் காட்டுவார்கள். எனக்கு அறுபது சொச்சம் காட்டியது. பரீட்சையில் முதல் வகுப்பு மார்க்கு என்று தைரியமாக உரசினேன். பற்றவில்லை. குச்சி போயிற்று. இரண்டாவது பற்றியது, காற்று அதை ஒரே வீச்சில் அணைத்தது. மூன்றாவது குச்சியை வைத்துக்கொண்டு மறைவான இடம் தேடிப் போனேன். போய்க்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. குச்சி மட்டும் மிச்சம்.

அந்தக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர் வேறு, காற்றுக் குளிர் வேறு. 1940 வாக்கில் தென் துருவப் பிரதேசத்துக்குப் போன பால் சிப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள், ஒரு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீரை ஊற்றி வெளியே வைத்து, எவ்வளவு காற்றடித்தால் எத்தனை நேரத்தில் உறைகிறது என்று பார்த்துக் குறித்தார்கள். பார்க்கப்போனால் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதிலிருந்துதான் பிறந்தது காற்றுக் குளிர்க் கணக்கு. கனடாவிலும் அமெரிக்காவிலும் 2001-ல் அதைத் திருத்தியிருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் உடம்புக்கு மைனஸ் 33 போல இருக்கும். ஆட்டத்திலும் வெளியே காலடி வைத்தால் இந்த எண் தெரிகிறது. வெப்பம் இவ்வளவு, காற்று இவ்வளவு குறைக்கிறது, உன் ஸ்வெட்டர் இவ்வளவு கூட்டுகிறது, ஆக உனக்கு இவ்வளவு என்று வரவு செலவு எழுதிக் காட்டிவிடுகிறார்கள். நான்தான் அதுவரை படித்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது சாவுக்குப் பிறகு பேரன், "தாத்தா, பில்கிரிம்னு ஒரு லெவல் இருக்கு. அதிலே மிருகமெல்லாம் உங்களைப் பார்த்து ஓடிப் போயிடும். அதை ஆடறீங்களா?" என்று கேட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேண்டாம் என்றேன்.

"அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. உள்ளே போன உடனே எங்கேயும் போகாதீங்க. உட்கார்ந்து, கையிலே என்னென்ன இருக்குன்னு எண்ணுங்க."

எண்ணினேன். மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். வாசகர்கள் சிரிக்கக் கூடாது. முதல் நாள் குறிப்பில், 'மஞ்சு தவழும் மலைச்சாரலில் அந்தி மெல்லத் தன் செந்நிறப் போர்வையை' என்று அரைப் பக்கம் இருக்கிறது. நாலாவது நாள் குறிப்பு இது: 'தீக்குச்சி 12. விறகு 7 கட்டை. தண்ணீர் ஒன்றரை லிட்டர். பீன்ஸ் டப்பா 1. சம்பங்கோரைத் தண்டு 9. இடது பூட்ஸ் கிழிசல்.' அந்த ஆளை நான் உயிரோடு வைத்திருக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

அவனுக்கு வேண்டியவை நாலே நாலு: சூடு, தூக்கம், தண்ணீர், சாப்பாடு. இதில் சாப்பாடு கடைசி. பசியோடு ஒருவன் நாள் கணக்கில் தாங்குவான். சூடு போனால் மணிக்கணக்குத்தான். உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். நமக்குச் சாதாரணமாக 37 இருக்கிறது என்று பார்த்தால், நடுவே இருப்பது இரண்டே டிகிரி. தண்ணீர் விஷயம் இன்னும் வேடிக்கை. சுற்றிலும் பார்த்த இடமெல்லாம் தண்ணீர்தான், ஆனால் ஒரு மடக்குக் குடிக்க முடியாது. பனியை அள்ளி அடுப்பில் வைத்து உருக்கி, பிறகு கொதிக்க வைத்தால்தான் தண்ணீர். அதற்கு விறகு வேண்டும். விறகு பொறுக்க வெளியே போக வேண்டும். வெளியே போனால் சூடு குறையும். குறைந்த சூட்டை ஏற்ற இன்னும் விறகு வேண்டும். இந்தச் சக்கரம் புரிகிற வரையில் நான் தினமும் ஒரு மைல் நடந்து, நடந்த களைப்புக்குச் சமமான விறகோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன். குமாஸ்தா உத்தியோகத்துக்காகப் பட்டணத்தில் குடியிருந்த காலத்தில் பஸ் சார்ஜுக்கே சம்பளம் சரியாய்ப் போன மாதிரி.

மெல்ல மெல்லச் சில காரியங்கள் பிடிபட்டன. ஒரு நெருப்பு எரியும்போது அதிலேயே எல்லா வேலையையும் முடித்துக்கொள்ள வேண்டும்; தண்ணீர் காய்ச்சி, மாமிசம் வாட்டி, ஈரத்துணி உலர்த்தி, மறுநாளைக்கும் எடுத்து வைத்துவிட வேண்டும். அணையப் போகிற நெருப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துக்கொண்டு போனால் அடுத்த இடத்தில் குச்சி செலவில்லாமல் அடுப்பு மூட்டலாம். அணைந்த அடுப்புக் கரியையும் வீணாக்க வேண்டாம். அதைக் கொண்டு அந்தப் பக்கத்துக்கு வரைபடம் போட்டுக்கொள்ளலாம். ஏரிக்கரைச் சம்பங்கோரையின் தண்டு ஒன்றுக்கு 150 கலோரி, கெட்டும் போகாது. அதன் தலைப்பஞ்சு நெருப்பு மூட்ட உதவும். காட்டு ரோஜாக் காய் கஷாயம் வலிக்கு. மரத்தில் தொங்கும் 'கிழவன் தாடி' என்கிற பாசி, காயத்துக்குக் கட்ட. வானத்தில் காக்கை வட்டமிட்டால் கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது. இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

முயல் அகப்பட்டால் மட்டும் நான் திருப்தியாகச் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். நிஜ வடபிரதேசத்தில் அது நடக்காது. விலயால்மர் ஸ்டெஃபான்சன் என்ற யாத்திரிகர் எழுதியிருக்கிறார்: கொழுப்பே இல்லாத முயல் கறியை மட்டும் தின்றுகொண்டிருந்தால், வயிறு முட்டத் தின்றாலும் பசி அடங்காமல் மனிதன் நோய்ப்படுவான். ஆட்டம் அந்த அளவுக்குக் கறார் செய்யவில்லை. அதற்காக நன்றி.

புத்தகங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாழடைந்த வீடுகளில் அங்கங்கே புத்தகங்கள் கிடக்கும். சிலவற்றைப் படித்தால் நெருப்பு மூட்டுவதிலோ தோல் தைப்பதிலோ திறமை கூடும். மற்றவை வெறும் புத்தகங்கள். பெரும்பாலும் நாவல்களாகத்தான் இருக்க வேண்டும். அவற்றுக்கு ஒரே உபயோகம் எரிப்பது. முதலில் கை வரவில்லை. ஒரு வீட்டில் ஆறு புத்தகங்களைக் கண்டு தொடாமல் விட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் பனிப்புயலில் அதே வீட்டுக்கு ஓடினேன். ஒரு நாவலாசிரியனுடைய உழைப்பு இன்னொருவன் கஞ்சி காய்ச்ச ஆகும் என்றால் அதுவும் இலக்கியத்தின் பயன்தான் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு, ஆறையும் அடுப்பில் போட்டேன். பைண்டு புத்தகம் நன்றாகவே எரிகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஆதாரம் தீக்குச்சிதான். வேறு எது தீர்ந்தாலும் தேடலாம். குச்சியை அந்தத் தீவில் யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு தடவை ஒன்று குறையும்போதும் நோட்டில் அடித்துத் திருத்தி எழுதுவேன். பன்னிரண்டு, பதினொன்று, பத்து. ஒரு நாள் பத்தை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதும்போது, கை அப்படியே நின்றது.

என் மனைவி தீக்குச்சி எண்ணுகிறவள். எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணமான புதிதில், அது எனக்குப் பெரிய தமாஷாக இருந்தது. விறகு அடுப்பு, மழைநாளில் பற்ற வைக்க ஒரு குமுட்டி, மண்ணெண்ணெய் ரேஷனில் வந்தால் உண்டு. காலையில் அடுப்புப் பற்றவைக்க ஒரு குச்சி. பிறகு நாள் முழுவதற்கும் குச்சி கிடையாது. சுவாமி விளக்கை அடுப்பிலிருந்து ஒரு திரியில் கொண்டுபோய் ஏற்றுவாள். ராத்திரி தணலைச் சாம்பலில் மூடி வைத்து, மறுநாள் வரட்டித் துண்டை வைத்து ஊதினால் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அந்த ஒரு குச்சியும் மிச்சம். நான் சிகரெட்டுக்கென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், மாலையில் திறந்து பார்த்து, "எட்டுக் குச்சி" என்பாள். கோபமாக இல்லை, தபால்காரர் மணியார்டர் தொகையைச் சொல்லுகிற மாதிரி.

1982-ல் இதை வைத்து நான் ஒரு நகைச்சுவைக் கதை எழுதினேன். குச்சி எண்ணும் மனைவி, அவளுக்குப் பயந்து பக்கத்து வீட்டில் நெருப்புக் கடன் வாங்கும் கணவன். பத்திரிகையில் வந்தது. ஏகப்பட்ட கடிதங்கள். மதுரையில் ஒரு கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கைதட்டினார்கள். வாசல் திண்ணையில் என் சிநேகிதர்கள் உட்கார்ந்து, "என்ன அம்மா, இன்றைக்கு எத்தனை குச்சி?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடியே காப்பி கொண்டுவந்து வைத்தாள். கதையைப் படித்தாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துத் தானாகவே சொன்னாள்: "பெட்டிக்கு அம்பது குச்சின்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பெட்டியிலே நாப்பத்தாறுதான் இருந்தது."

அவ்வளவுதான் அவள் சொன்ன விமரிசனம். அதையும் நான் பல மேடைகளில் ஹாஸ்யமாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் எனக்கு வந்த சம்பளம் எவ்வளவு, கதைக்குச் சன்மானம் எவ்வளவு, இரண்டும் சேர்ந்து மாதத்தில் எத்தனை நாளுக்குப் போதும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டேன். இலையில் சாதம் இருந்தது.

ஜனவரி மாதம் எட்மண்டனில் நிஜமான குளிர் வந்தது. மைனஸ் 40 என்றார்கள். செல்ஷியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்டேன். அந்த ஓரிடத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று மாப்பிள்ளை சொன்னார். வாசல் கதவின் உள்பக்கத்துப் பிடியில் பனி பூத்திருந்தது. 13-ம் தேதி சனிக்கிழமை, இருட்டிய பிறகு, நானும் பேரனும் ஆட்டத்தில் இருந்தோம். என் ஆள் விறகோடு மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். திடீரென்று வீட்டிலிருந்த செல்போன்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் கூவின. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆல்பெர்ட்டா அரசாங்கத்தின் அவசர அறிவிப்பு: குளிரினால் மின்சாரத் தேவை அளவுக்கு மீறிவிட்டது, இப்படியே போனால் ஊர் ஊராக மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருக்கும், வேண்டாத விளக்குகளையும் சாதனங்களையும் உடனே அணையுங்கள்.

வீட்டைச் சூடாக்குவது காஸ் உலைதான். ஆனால் அந்தச் சூட்டை அறைகளுக்கு ஊதுகிற விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. இதை மாப்பிள்ளை எனக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மகள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தாள்.

"கம்ப்யூட்டரை நிறுத்துடா."

"அம்மா, தாத்தா மலையிலே நிக்கிறார்மா!"

"நிக்கட்டும்."

நிறுத்தினான். கூடத்தில் ஒரே ஒரு விளக்கு. மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று ஒரு மெழுகுவத்தியைத் தேடி எடுத்தாள் மகள். பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் நெருப்பே கிடையாது. சமையல் அடுப்பு மின்சாரம். சிகரெட் பிடிக்கிறவர் யாரும் இல்லை. நானே விட்டு இருபது வருஷமாகிறது. சுவாமி படத்துக்கு முன்னால் எரிவதும் சின்ன பல்பு. இழுப்பறை இழுப்பறையாகத் தேடினோம். கடைசியில் பேரனுடைய பழைய பிறந்த நாள் சாமான்களுக்கு நடுவே, ஏதோ ஓட்டலிலிருந்து வந்த அட்டைத் தீப்பெட்டி ஒன்று அகப்பட்டது. மூன்று குச்சி.

"கொடு இப்படி" என்றேன்.

நான் ஒரு வீட்டில் முதல் முதலாக அதிகாரத்தோடு பேசிய சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும். திரியைக் கிள்ளி நிமிர்த்தினேன். குச்சியை என் பக்கமாக உரசாமல் வெளிப்பக்கம் உரசி, இடது கையால் அணை கட்டினேன். முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது. மீதி இரண்டையும் அட்டையோடு மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "தாத்தாவுக்கு லெவல் ஏறிடுச்சு" என்றான் பேரன்.

நிமிஷக் கணக்கில் ஜனங்கள் விளக்கணைத்ததிலேயே ஏறக்குறைய 200 மெகாவாட் தேவை குறைந்துவிட்டதாக மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. மின்சாரம் நிற்கவில்லை. ராத்திரிக்குள் ஆபத்து நீங்கிவிட்டதாகவும் அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் மெழுகுவத்தியை யாரும் அணைக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் மகள் மேஜைமேல் கிடந்த என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். நாவலுக்குக் குறிப்பு என்று நினைத்திருப்பாள். தீக்குச்சி 9. விறகு 4 கட்டை. தண்ணீர் 2 லிட்டர். அடித்து எழுதிய எண்கள், ஓரத்தில் கூட்டல்கள்.

"அம்மா நோட்டு மாதிரியே இருக்குப்பா" என்றாள்.

அவளுடைய நோட்டுகள் மாயவரத்து வீட்டில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. பால் கணக்கு, வண்ணான் கணக்கு, மளிகை, மண்ணெண்ணெய். முப்பதுக்கு மேல் இருக்கும். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழித்தபோது ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, படிக்க இதில் ஒன்றும் இல்லை என்று மூடி வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஆள் என்னிடம் சாகவில்லை. குளம் மாதிரி உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்தான். முயல் தோலைக் காயப்போட்டுக் கையுறை தைத்துக்கொண்டான். சில ராத்திரிகளில் துருவ ஒளி பச்சையாக வானத்தில் அசையும். அப்போது செத்துப் போன மின்சார விளக்குகள் தாமாக எரியும். ஓநாய்களுக்கு வெறி ஏறும். அந்த ராத்திரிகளில் நான் அவனை வெளியே அனுப்புவதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தூங்க வைத்துவிடுவேன். பகலில்கூட, விறகும் தண்ணீரும் இருந்தால், வெளியே போகாமல் இருப்பதற்குக் கற்றுக்கொண்டேன். பேரனுக்கு இது அலுப்பாக இருந்தது. "தாத்தா, மலைக்கு அந்தப் பக்கம் பெரிய பண்ணை வீடு இருக்கு. அதைப் பார்க்க வேண்டாமா?" என்பான். இன்னும் இரண்டு நாள் காற்றுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பேன். நடுவில் ஒரு நாள், அவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயிற்றா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மத்தியானம் நான் இன்னும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்து, யாரும் கூப்பிடாமலே எழுந்து போய்ச் சாதம் போட்டுக்கொண்டேன். மகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாய் ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள்.

மார்ச் கடைசியில் ஊருக்குக் கிளம்பினேன். அப்போது அவனுக்கு 63-வது நாள். காட்டுக்குள் இருக்கும் வேட்டைக்காரனுடைய குடிசையில், அடுப்பில் போதுமான விறகு வைத்து, அவனைப் படுக்கவைத்துவிட்டு நிறுத்தினேன். தீக்குச்சி 7.

மாயவரத்தில் நோட்டுகளை இப்போது வருஷ வாரியாக அடுக்கியிருக்கிறேன். 1982-ம் வருஷத்து நோட்டில் அந்தக் கதை வந்த மாதத்தைத் தேடிப் பார்த்தேன். 'கதை பணம் 75' என்று வரவில் எழுதியிருக்கிறது. அதற்கு நேரே செலவில், 'தீப்பெட்டி 1 டஜன், அவருக்கு' என்று இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் போனில் பேசினான். பள்ளிக்கூடம், பரீட்சை எல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினான்.

"தாத்தா, உங்க ஆள் இன்னும் அந்தக் குடிசையிலேயே தூங்கறார். நான் எழுப்பலாமா? ஜாக்கிரதையா ஆடறேன்."

"எழுப்பேன். ஆனா வெளியே கிளம்பறதுக்கு முந்தி, தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாரு" என்றேன்.